வடபுலக் காடுகளில் தரை எரியும்போது

2023-ஆம் ஆண்டு கனடாவில் ஏறத்தாழ 1.5 கோடி ஹெக்டேர் காடு எரிந்தது. காற்றில் கலந்த கார்பன் மோனாக்சைடைச் செயற்கைக்கோள்கள் அளந்தன. அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டதில், மே முதல் செப்டம்பர் வரையிலான ஐந்து மாதங்களில் சுமார் 64.7 கோடி டன் கார்பன் வெளியேறியது தெரியவந்தது. நிலக்கரி, எண்ணெய், எரிவாயுவை எரித்து ஓராண்டில் இதைவிட அதிகக் கார்பனை வெளியிடும் நாடுகள் சீனா, அமெரிக்கா, இந்தியா மூன்றுதான். (இது கார்பனின் எடை. கார்பன் டை ஆக்சைடாக மாற்ற 3.67-ஆல் பெருக்க வேண்டும். அப்போது 237 கோடி டன். இரண்டையும் குழப்பிக்கொண்ட செய்திகள் ஏராளம்.)

இவ்வளவு கார்பன் எங்கிருந்து வந்தது? தொலைக்காட்சியில் காட்டப்படுவது மரத்தின் உச்சியில் தாவும் நெருப்பு. ஆனால் தீ அணைந்த பிறகு, கறுப்பு ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரம் நிறைந்த ஒரு காட்டுக்குள் போனால், அடிமரங்கள் பெரும்பாலும் கருகி நின்றபடியே இருக்கும். ஊசியிலைகளும் விரல் பருமன் கிளைகளும்தான் போயிருக்கும். உண்மையில் காணாமல் போயிருப்பது தரை. கனடாவின் வடமேற்குப் பிரதேசத்தில் 2014-இல் எரிந்த 28.5 லட்சம் ஹெக்டேரை ஆய்வாளர்கள் இடம் இடமாக அளந்தார்கள். சராசரியாகச் சதுர மீட்டருக்கு 3.3 கிலோ கார்பன் எரிந்திருந்தது. அதில் பத்தில் ஒன்பது பங்கு மண்ணின் மேல் கிடந்த மட்குப் படலத்திலிருந்து வந்தது. அலாஸ்காவில் 2004-இல் எரிந்த கறுப்பு ஸ்புரூஸ் காடுகளிலும் சதுர மீட்டருக்கு அதே அளவு இழப்புதான். ஆகவே இந்தக் காடுகளில் 'எத்தனை ஹெக்டேர் எரிந்தது' என்ற எண் பாதிக் கதையைத்தான் சொல்லும். எத்தனை சென்டிமீட்டர் ஆழம் எரிந்தது, எரிந்த கார்பனுக்கு எத்தனை வயது என்ற இரண்டும் தெரிந்தால்தான் கணக்கு முடியும்.

தரையில் என்ன இருக்கிறது

அலாஸ்கா, கனடா, ஸ்காண்டிநேவியா, ரஷ்யா என வட துருவத்தைச் சுற்றி வளையமாகக் கிடக்கும் ஊசியிலைக் காடுகளை போரியல் காடுகள் என்கிறார்கள். ரஷ்யப் பெயர் டைகா. இங்கே மரங்கள் ஆண்டுதோறும் சேர்க்கும் கார்பன் அதிகமில்லை. சேர்ந்தது அழுகாமல் இருப்பதுதான் இதன் சிறப்பு. குளிர், ஈரம், நைட்ரஜன் பற்றாக்குறை, எளிதில் மட்காத பாசி, பல இடங்களில் கீழே ஆண்டு முழுவதும் உருகாத உறைமண் என எல்லாம் சேர்ந்து நுண்ணுயிர்களின் வேலையை இழுத்தடிக்கின்றன. உறைமண் தண்ணீரைக் கீழே வடியவிடாது, மேலே ஈரம் தேங்கும். ஈரத்தில் பாசி செழிக்கும். பாசி கோடை வெப்பத்தைக் கீழே இறங்கவிடாது, அதனால் உறைமண் நிலைக்கும்.

இப்படி உருவாகும் படலம் பொதுவாக 10 முதல் 30 சென்டிமீட்டர் தடிமன் இருக்கும். தாழ்வான ஈர நிலங்களில் இன்னும் கூடுதல். மேலே உயிருள்ள பாசியும் சருகும். அதற்குக் கீழே நார் நாராகப் பிரியும் பாதி மட்கிய அடுக்கு. அடியில், மணல்-களிமண் தொடங்கும் இடத்தை ஒட்டி, கையில் அப்பும் கரிய மட்கு. ஆழம் போகப்போக அடர்த்தி கூடுவதுதான் இங்கே முக்கியம். மேல் பாசியின் அடர்த்தியைக் கன சென்டிமீட்டருக்கு 0.03 கிராம் என்றும், அடி மட்கின் அடர்த்தியை 0.12 கிராம் என்றும், எடையில் 40 சதவீதம் கார்பன் என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டரில் மேலே ஒரு சென்டிமீட்டர் எரிந்தால் போவது 120 கிராம் கார்பன். அடியில் அதே ஒரு சென்டிமீட்டர் எரிந்தால் 480 கிராம். தீ 5 சென்டிமீட்டரில் நின்றதா, 15 சென்டிமீட்டர் போனதா என்பதற்கு இடையிலுள்ள வேறுபாடு மூன்று மடங்கு அல்ல. அதைவிட மிக அதிகம்.

ஆழத்தைத் தீர்மானிப்பது எது

கொழுந்துவிட்டு எரியும் தீ ஓர் இடத்தைச் சில நிமிடங்களில் கடந்துவிடும். தரையைத் தின்பது அதன் பின்னால் நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும் நெருப்பு. மணிக்குச் சில சென்டிமீட்டர் வேகம், குறைந்த ஆக்சிஜன், சுடர் இல்லை. மேலே சாம்பல் மூடியிருப்பதால் வெப்பம் தப்பாது. அந்த வெப்பமே கீழ் அடுக்கை உலர்த்திப் பற்றவைக்கும். எவ்வளவு கீழே போகும் என்பதை முடிவு செய்வது ஈரம். கனிமக் கலப்பு அதிகமில்லாத மட்கு, தன் உலர் எடையைப் போல 1.1 மடங்குக்கு மேல் தண்ணீர் வைத்திருந்தால் பற்றவைப்பது கடினம். மணலோ களிமண்ணோ கலந்திருந்தால் அந்த வரம்பு இன்னும் குறையும். ஆனால் மேலே நன்றாகக் கனன்றுகொண்டிருந்தால், தானாகப் பற்றாத ஈர அடுக்கும் எரியக்கூடும்.

கனடாவின் தீ-வானிலைக் குறியீட்டு முறை இதற்காகவே மூன்று ஈரக் கணக்குகளை வைத்திருக்கிறது. முதலாவது, மேலே கிடக்கும் சருகுக்கு. மழை பெய்து ஒரு நாளுக்குள் இது காய்ந்துவிடும். இரண்டாவது, சுமார் 7 சென்டிமீட்டர் வரையிலான தளர்வான மட்குக்கு. இது காய்வதற்கான கால அளவு ஏறத்தாழ 12 நாள். மூன்றாவது 'வறட்சிக் குறியீடு', சுமார் 18 சென்டிமீட்டர் ஆழத்தில் இறுகிக் கிடக்கும் மட்குக்கு. அதன் கால அளவு 52 நாள். முதல் எண் உயர்ந்தால் தீ வேகமாகப் பரவும். மூன்றாவது எண் உயர்ந்திருந்தால் அது ஆழமாக எரியும், அணைப்பதும் பெரும்பாடு. ஜூன் தொடக்கத்தில் 20 சென்டிமீட்டர் கீழே இன்னும் பனி உறைந்திருக்கும். அப்போது வரும் தீ மேலோடு மேயும். ஆகஸ்ட்டில் அதே இடம் உருகி, வடிந்து, காய்ந்திருக்கும். பரப்பளவு ஒன்றாகவே இருந்தாலும் கோடை கடைசியில் வரும் தீ கூடுதல் கார்பனை எடுத்துக்கொண்டு போவதற்கு இதுதான் காரணம்.

நில அமைப்பிலும் ஒரு நுணுக்கம் உண்டு. மேட்டு மணற்பாங்கில் வளரும் ஜாக் பைன் என்ற ஊசியிலை மரக் காடு எளிதில் எரியும், ஆனால் எரிய அங்கே மட்கு அதிகமில்லை. சதுப்பில் மட்கு மிகுதி, ஆனால் ஈரம் காவல் நிற்கிறது. சதுர மீட்டர் கணக்கில் அதிகம் இழப்பது இரண்டுக்கும் இடைப்பட்ட நிலம்: மட்கு போதிய அளவு இருக்கும், வறட்சி ஆண்டில் காய்ந்தும் விடும். சதுப்பின் காவல் உடைந்தால் என்ன ஆகும் என்பதை ஆல்பர்ட்டாவில் பார்த்தார்கள். நீரை வடித்துவிட்ட ஒரு பீட் (நீரில் ஊறி, முழுதும் மட்காமல் குவிந்த தாவரப் பொருள்) சதுப்பு நிலம் 2001-இல் எரிந்தபோது சதுர மீட்டருக்கு 16.8 கிலோ கார்பன் போனது. வடிக்காமல் விட்ட பக்கத்து நிலம் இழந்தது அதில் ஒன்பதில் ஒரு பங்குதான்.

எரிந்துபோன ஒன்றின் ஆழத்தை எப்படி அளப்பது? கறுப்பு ஸ்புரூஸ் அதற்கு ஓர் அளவுகோலை விட்டுச்செல்கிறது. பாசி உயர உயர, இந்த மரம் தன் அடிமரத்திலிருந்து புதிய வேர்களை மேலே மேலே விடும். தரை எரிந்த பிறகு அந்த வேர்கள் அந்தரத்தில் தொங்கும். மிக மேலுள்ள வேரிலிருந்து இப்போதைய தரை வரை அளந்து, வேருக்கு மேல் இருந்திருக்கக்கூடிய சில சென்டிமீட்டர் பாசியைச் சேர்த்தால் எரிந்த ஆழம் கிடைத்துவிடும். அந்தச் சில சென்டிமீட்டரை விட்டுவிட்டால் இழப்பு குறைவாகக் காட்டும். மரத்தடியில் மட்டும் அளந்தால் நேர்மாறான பிழை வரும்: மரத்தின் நிழற்குடைக்குக் கீழே மழை குறைவாக விழுவதால் அங்கே மட்கு காய்ந்து, மற்ற இடங்களைவிட ஆழமாக எரிந்திருக்கும். ஜாக் பைன் இப்படி வேர் விடுவதில்லை. அங்கே எரியாமல் தப்பிய ஒத்த நிலத்தோடு ஒப்பிடுவதைத் தவிர வழியில்லை. அளவீட்டைத் தள்ளிப்போடவும் கூடாது. ஓரிரு ஆண்டு மழையிலும் பனியிலும் மிச்ச மட்கு அமுங்கி, ஆழம் தவறாகத் தெரியும்.

புகையில் என்ன போகிறது

கொழுந்துவிட்டு எரிந்தால் கார்பனில் பெரும்பகுதி கார்பன் டை ஆக்சைடாகும். கனன்று எரிந்தால் முழுமையாக எரியாத வாயுக்கள் கூடும். ஒரு கிலோ உலர்பொருள் எரியும்போது போரியல் காட்டில் சராசரியாக 1,500 கிராம் கார்பன் டை ஆக்சைடும், 125 கிராம் அளவில் கார்பன் மோனாக்சைடும், 6 கிராம் மீத்தேனும் வருகின்றன. வெப்பமண்டலப் புல்வெளித் தீயில் கார்பன் மோனாக்சைடு இதில் பாதி. மீத்தேன் 2 கிராம்தான்.

6 கிராம் அற்பமாகத் தோன்றும். நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் சுமார் 28 மடங்கு வலியது என்பதால் அது 170 கிராம் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். நைட்ரஸ் ஆக்சைடு கிலோவுக்கு அரை கிராமுக்கும் குறைவு. ஆனால் அதன் மடங்கு 270-ஐ ஒட்டியது, ஆகவே இன்னும் ஒரு 100 கிராம். இரண்டும் சேர்ந்து தீயின் வெப்ப விளைவில் ஆறில் ஒரு பங்கு கூட்டுகின்றன. கார்பன் மோனாக்சைடு சில மாதங்களில் கார்பன் டை ஆக்சைடாகிவிடும், ஆனால் அதற்குள் மீத்தேனைச் சிதைக்க வேண்டிய ஹைட்ராக்சில் மூலக்கூறுகளை அது செலவழித்துவிடுகிறது. அதனால் மீத்தேனின் ஆயுள் சற்று நீள்கிறது.

இந்தச் சராசரிகளில் ஒரு சாய்வு இருப்பதையும் சொல்லிவிட வேண்டும். விமானத்தில் பறந்து மாதிரி எடுப்பவர்களுக்குக் கிடைப்பது மேலே பீறிட்டு எழும் புகை, அதாவது கொழுந்துவிட்டு எரியும் கட்டத்தின் புகை. கனலும் தரையின் புகை தாழ்வாகவே கிடந்து இரவில் பள்ளத்தாக்குகளில் தேங்கும். அலாஸ்காவில் கோபுரத்தில் கருவி வைத்துத் தீப்பருவம் முழுவதும் அளந்தபோது கார்பன் மோனாக்சைடின் பங்கு விமானச் சராசரியைவிடக் கூடுதலாகவே வந்தது.

எரிந்த கார்பனின் வயது

நூறு ஆண்டுக்கு ஒருமுறை எரிந்து, அடுத்த நூறு ஆண்டில் அதே அளவைத் திரும்பச் சேர்த்துவிடும் காடு, நீண்ட காலக் கணக்கில் வளிமண்டலத்துக்கு ஒன்றும் கூட்டுவதில்லை. 'காட்டுத்தீ இயற்கைதானே' என்பவர்களின் வாதம் இதுதான். பெரும்பாலான போரியல் வரலாற்றுக்கு அது பொருந்தவும் செய்தது. ஒவ்வொரு தீயும் மட்கின் மேல்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, அடிப்பகுதியை விட்டுச்சென்றது. அப்படித் தப்பிய அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்ந்துதான் இன்றைய இருப்பு வந்தது. இப்போதைய மரங்கள் முளைப்பதற்கு முன்பே, முந்தைய தீகளுக்குத் தப்பி மண்ணில் தங்கிய இந்த எச்சத்தைப் பரம்பரைக் கார்பன் எனலாம். வட்டி எரிகிறவரை காடு தாங்கும். பரம்பரைக் கார்பனில் தீ கைவைத்தால் முதலுக்கே மோசம்.

அதைக் கண்டுபிடிக்க ஒரு நேரடி வழி உண்டு. தீ நின்ற இடத்தில், எரியாமல் மிஞ்சிய மட்கின் மேற்பரப்பிலிருந்து சிறு மாதிரி எடுத்து, அதிலுள்ள கதிரியக்கக் கார்பனின் அளவைக் கொண்டு அதன் வயதை (ரேடியோகார்பன் வயது) பார்க்க வேண்டும். மர வளையங்களை எண்ணி, அந்தக் காடு எந்த ஆண்டு முளைத்தது என்றும் பார்க்க வேண்டும். மிஞ்சிய மேற்பரப்பு, காட்டைவிட இளையதாக இருந்தால், எரிந்தது இந்தத் தலைமுறை மரங்கள் சேர்த்தது மட்டுமே. காட்டைவிட மூத்ததாக இருந்தால், தீ முந்தைய தலைமுறையின் சேமிப்புக்குள் இறங்கிவிட்டது என்று பொருள். 1950-60களின் அணுகுண்டுச் சோதனைகள் வளிமண்டல ரேடியோகார்பனைத் திடீரென உயர்த்தியதால், கடந்த அறுபது எழுபது ஆண்டு மட்கை இந்த முறையில் துல்லியமாகவே பிரித்துவிடலாம்.

வடமேற்குப் பிரதேசத்தின் 2014 தீயில் இதைச் செய்து பார்த்தார்கள். 2019-இல் வெளிவந்த முடிவு இரு பக்கமும் பேசியது. முதிர்ந்த, ஈரமான காடுகள் எரிந்தாலும் பரம்பரைக் கார்பன் தப்பியது. 60 வயதுக்குட்பட்ட, வறண்ட நிலத்துக் காடுகளில் கிட்டத்தட்டப் பாதி இடங்களில் அது எரிந்துபோயிருந்தது. அந்த ஆண்டு எரிந்ததில் இவ்வகை இளங்காடு 3.4 லட்சம் ஹெக்டேர் இருக்கும் என மதிப்பிட்டார்கள். இளங்காடுகளில் மேல் படலம் மெலிந்திருப்பதால் தீ சட்டென அடி அடுக்கைத் தொட்டுவிடுகிறது. ஆகவே கவலைப்பட வேண்டியது தீயின் அளவைவிட இடைவெளி சுருங்குவதைப் பற்றித்தான். 70 முதல் 200 ஆண்டுக்கு ஒருமுறை எரிந்த இடம் 30, 40 ஆண்டில் மீண்டும் எரிந்தால், கார்பனைச் சேர்த்துவைக்கும் காடு அதை வெளியே விடும் காடாக மாறிவிடும்.

தீக்குப் பிந்தைய ஆண்டுகள்

முதல் கோடையிலேயே மண் சூடேறும். கருகிய தரை வெயிலை உறிஞ்சுகிறது, நிழல் இல்லை, வெப்பத்தைத் தடுத்த பாசியும் இல்லை. உறைமண்ணுக்கு மேலே ஒவ்வொரு கோடையிலும் உருகும் படலம் ஆழமாகிக்கொண்டே போய், சில இடங்களில் இரு மடங்காகிறது. பழைய நிலைக்குத் திரும்பப் பல பத்தாண்டுகள் பிடிக்கும். வட உறைமண் பகுதிகளின் மண்ணில் 1,46,000 கோடி டன் அளவுக்குக் கார்பன் இருக்கிறது, வளிமண்டலத்தில் உள்ளதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. தீ அதை நேரடியாக எரிப்பதில்லை, மேல்மூடியைத்தான் எரிக்கிறது.

இங்கே அளவீட்டாளர்களை ஏமாற்றும் ஒன்று உண்டு. தீக்குப் பிறகு மண்ணிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடு பெரும்பாலும் குறையும். காரணம், மண் சுவாசத்தில் பெரும்பங்கு உயிருள்ள வேர்களுடையது, மரங்களோடு அவை செத்துவிட்டன. நுண்ணுயிர்கள் பழைய மட்கைத் தின்பது தொடர்ந்துகொண்டிருந்தாலும், மொத்த எண்ணை மட்டும் பார்ப்பவருக்குக் காடு கார்பனைக் காப்பதாகத் தோன்றும். உள்ளே வரவு நின்றுபோனதைச் சேர்த்துப் பார்த்தால்தான் பற்றாக்குறை தெரியும். புதுச் செடிகள் வளர்ந்து காடு மீண்டும் கார்பனை உள்வாங்கத் தொடங்கப் பத்தாண்டு வாக்கில் ஆகலாம்; இழந்ததை ஈடுகட்டுவது அதற்குப் பிறகு பல பத்தாண்டு வேலை.

மீத்தேன் நிலத்தைப் பொறுத்தது. வடிகால் உள்ள மேட்டு மண்ணில் மீத்தேனைத் தின்னும் பாக்டீரியாக்கள் உண்டு. தீக்குப் பிறகும் அவை வேலை செய்வதால் அங்கே பெரிய மாற்றம் வருவதில்லை. உறைமண்ணில் பனிக்கட்டி அதிகமிருந்தால் கதை வேறு: பனி உருகித் தரை உள்வாங்கிக் குளம் கட்டும், ஆக்சிஜன் இல்லாத சேற்றில் மீத்தேன் உருவாகும். நைட்ரஸ் ஆக்சைடு பொதுவாகச் சிறிய அளவுதான். சாம்பலால் அமோனியம் கூடினாலும் நைட்ரஜனுக்கு ஏங்கும் இந்த மண்ணில் அதை யாராவது உடனே எடுத்துக்கொள்கிறார்கள்.

எரிந்ததில் ஒரு பகுதி கரித்துண்டாகவும் நிற்கும். வடமேற்குப் பிரதேசத்தில் ஜாக் பைன் காட்டில் நடத்திய ஒரு சோதனைத் தீயில், தீ தொட்ட கார்பனில் கால் பங்குக்கு மேல் கரியாக மிஞ்சியது. கரி நூற்றாண்டுக்கணக்கில் மட்காது. ஆனால் அது மேற்பரப்பிலேயே கிடந்தால் அடுத்த தீ அதையும் எரித்துவிடும். மண்ணுக்குள் புதைந்தால்தான் உண்மையான சேமிப்பு.

எந்த மரம் திரும்ப வருகிறது என்பது அடுத்த நூறாண்டின் கணக்கை மாற்றுகிறது. மட்கு தடிமனாக மிஞ்சினால் ஸ்புரூஸ் திரும்பும். அடி மண் வெளியே தெரியும்படி எரிந்தால், சின்னஞ்சிறு விதையுள்ள ஆஸ்பெனும் பிர்ச்சும் அங்கே முளைத்து முந்திவிடுகின்றன. அலாஸ்காவின் 2004 தீயிடங்களைப் பின்தொடர்ந்து 2021-இல் வெளியான ஆய்வு, இலையுதிர் மரங்களுக்கு மாறிய காடுகள் ஒரு நூறாண்டுச் சுழற்சியில் பழைய ஸ்புரூஸைவிட ஐந்து மடங்கு கார்பன் சேர்க்கக்கூடும் என்றது. நல்ல செய்திதான்; அவை எளிதில் தீப்பற்றுவதும் இல்லை. ஆனால் கார்பன் இப்போது இருப்பது குளிர்ந்த தரையில் அல்ல, மரத்தில். கீழே உறைமண் உருகி வெளிவிடுவதை இந்தக் கணக்கு முழுமையாகப் பிடிக்கவில்லை என்பதால் இதை முழு ஈடாக எடுத்துக்கொள்வது அவசரம்.

மரங்கள் போனதால் குளிர்காலத்தில் திறந்த பனி வெயிலைத் திருப்பி அனுப்புகிறது, அது குளிர்விக்கும். அலாஸ்காவின் டானலி ஃபிளாட்ஸில் 1999-இல் எரிந்த இடத்தை வைத்துப் போட்ட கணக்கில், முதல் ஆண்டில் நிகர விளைவு வெப்பம்; 80 ஆண்டுச் சராசரியில் அது சிறிய குளிர்ச்சியாக மாறியது. அது ஒரு தீயின் கணக்கு. பரம்பரைக் கார்பனோ உறைமண்ணோ பெரிய அளவில் இழக்கப்பட்டால் அந்தத் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதற்கு அதிலிருந்து விடை எடுக்க முடியாது.

சைபீரியா தனி உலகம். அங்குள்ள ஊசியிலை மரங்களான லார்ச்சும் ஸ்காட்ஸ் பைனும் தடித்த பட்டையால் தரைத்தீயைத் தாங்கி நிற்பவை. வட அமெரிக்க ஸ்புரூஸ் உச்சிவரை எரிந்து விதை உதிர்த்துச் சாகும் ரகம். ஆனால் வடகிழக்கு சைபீரியாவின் யகூட்டியாவில் லார்ச்சுக்குக் கீழே பனிக்கட்டி நிறைந்த உறைமண் இருக்கிறது. 2021-இல் போரியல் தீ மொத்தமாக 48 கோடி டன் கார்பனை வெளியிட்டது. உலகக் காட்டுத்தீ உமிழ்வில் வழக்கமாகப் பத்து சதவீதம் இருந்த இதன் பங்கு அந்த ஆண்டு 23 சதவீதமானது.

ஏட்டில் வருவதும் வராததும்

கனடா தன் பசுங்குடில் வாயு அறிக்கையில் 'நிர்வகிக்கப்படும் காடு' என வகுத்த சுமார் 22.5 கோடி ஹெக்டேரை மட்டும் கணக்கில் எடுக்கிறது. அதற்குள்ளும் பெரிய காட்டுத்தீயை 'இயற்கை இடையூறு' எனத் தனியே காட்டி, மனிதச் செயலால் ஆன தொகையிலிருந்து விலக்குகிறது. விதிமீறல் ஒன்றும் இல்லை, பன்னாட்டு நெறிமுறை அனுமதிப்பதுதான். ஆனால் வளிமண்டலத்துக்கு அந்தப் பிரிவினை தெரியாது. ஒரு நாட்டின் இலக்கை மட்டும் பார்த்து மிச்ச கார்பன் ஒதுக்கீட்டை, அதாவது வெப்ப வரம்பைத் தாண்டாமல் உலகம் இன்னும் வெளியிடக்கூடிய அளவை, கணிப்பவர்கள் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

அணைப்பதையே காலநிலை நடவடிக்கையாகச் செய்யலாமா என்ற கேள்வி இப்போது ஏட்டளவில் இல்லை. அலாஸ்காவில் தீயணைப்புக்குக் கூடுதலாகச் செலவிட்டால், தவிர்க்கும் ஒவ்வொரு டன் கார்பன் டை ஆக்சைடுக்கும் சுமார் 13 டாலர்தான் ஆகும் என்று 2022-இல் ஒரு மதிப்பீடு வந்தது. 2023-இல் அங்குள்ள யூகான் ஃபிளாட்ஸ் வனவிலங்குக் காப்பகத்தில், பனிக்கட்டி நிறைந்த பழைய உறைமண் உள்ள ஏறத்தாழ 6.5 லட்சம் ஹெக்டேருக்கு அணைப்பு முன்னுரிமையை உயர்த்தினார்கள். ஊரையோ வீடுகளையோ மட்டும் மனத்தில் வைக்காமல், மண்ணின் கார்பனையும் காரணமாகக் காட்டி எடுத்த முடிவு அது.

இதன் எல்லையும் தெளிவு. மின்னல் விழுந்த முதல் ஓரிரு நாளில் பிடித்தால்தான் அணைப்பு மலிவு. ஒரே மாலையில் பல இடங்களில் மின்னல் தீ தொடங்கினால் விமானமும் ஆளும் போதாது. மேலே தண்ணீர் ஊற்றுவதும் போதாது. கனல் மட்குக்குள் இறங்கிவிட்டால் மண்வெட்டியால் கொத்தித் திறந்து, வெறுங்கையால் தொட்டு வெப்பம் இல்லை என்று உறுதியாகும்வரை நனைக்க வேண்டும். தவறினால் அது பனிக்குக் கீழேயே குளிர்காலம் முழுவதும் கனன்று மே மாதம் மீண்டும் எழும். 2002 முதல் 2018 வரை அலாஸ்காவிலும் வடமேற்குப் பிரதேசத்திலும் எரிந்த பரப்பில் இப்படிக் குளிர்காலம் தாண்டிய தீயின் பங்கு 0.8 சதவீதம்தான், ஆனால் அலாஸ்காவில் 2008-இல் அது ஒரே ஆண்டில் 38 சதவீதத்தைத் தொட்டது. இவை பெரும்பாலும் முந்தைய ஆண்டுத் தீயின் விளிம்பை ஒட்டியே எழுகின்றன. ஆகவே ஆழமாக எரிந்த பெரிய தீகளின் எல்லைகளை மின்னல் பருவம் தொடங்குமுன்பே செயற்கைக்கோளில் வெப்பப் புள்ளி தேடிப் பார்த்துவிடலாம். செலவு மிகக் குறைந்த தடுப்பு வேலை அதுதான்.